அக்லாயாவின் பேரில்

பிராயிலா என்ற ஆற்றுத் துறைமுக ஊரில் ஒருவர் இறந்துவிட்டால் வீட்டுக்காரர்கள் முதலில் பாதிரியாரிடம் போவார்கள். அங்கிருந்து நேராக ஸம்ஃபிராவிடம் வருவார்கள். துறைமுகத்துக்கு இறங்கும் தெருவில் அவளுக்கு ஒரு சின்னக் கூடம் இருந்தது. மேசைகளைச் சேர்த்துப் போட்டு, வெள்ளைத் துணி விரித்து, இறந்தவரின் பேரைச் சொல்லி வந்தவர்களுக்கெல்லாம் அங்கே சாப்பாடு போடுவாள். அந்தச் சாப்பாட்டுக்குப் பொமானா என்று பேர். பேரைச் சொல்லிப் போட்டால் இங்கே ஒருவர் தின்பது அங்கே இறந்தவர் வயிற்றுக்குப் போய்ச் சேரும். வாங்குகிறவர் "கடவுள் அவுங்களை மன்னிக்கட்டும்" என்று சொல்லி வாங்கிக்கொள்வார். எவ்வளவு பெரிய பணக்காரரும் அதை வேண்டாம் என்று தள்ளமாட்டார். தள்ளிவிட்டால் இறந்தவர் பட்டினி.

ஸம்ஃபிரா ஆற்றோரக் கிராமத்திலிருந்து சின்னப் பெண்ணாக வந்து துறைமுகக் கேன்டீனில் தட்டுக் கழுவினவள். கழுவிக் கழுவி, வேகிற வாசனையை வைத்தே எதில் என்ன குறை என்று சொல்லப் பழகி, கடைசியில் பெரிய அண்டாக்களின் பக்கம் போய் நின்றுவிட்டாள். கேன்டீனை மூடினபோது அவளும் புருஷன் மித்தீக்காவும் பழைய மீன் கிடங்கு ஒன்றை வாடகைக்குப் பிடித்தார்கள். சுவரில் ஏறியிருந்த மீன் வாடை போவதற்கு மூன்று தடவை சுண்ணாம்பு அடிக்க வேண்டியிருந்தது. மித்தீக்கா படகில் வேலை பார்த்தவன், நன்றாகக் குடிப்பான், நன்றாகப் பாடுவான். ஈரல் கெட்டுச் செத்தான். அவனுக்கான பொமானாவை வேறு யாரையும் சமைக்க விடாமல் அவளே சமைத்தாள். அன்றைக்கு வெங்காயம் முழுவதையும் தானே நறுக்குகிறேன் என்று உட்கார்ந்துகொண்டாள். ஏன் அழுகிறாய் என்று யாரும் கேட்கவில்லை.

அப்புறம் ஒரு வசந்தகாலத்தில் தொற்றுநோய் வந்தது. கூடத்தை மூடச் சொன்னார்கள். நோயில் இறந்தவர்களைப் பையில் கட்டி, பெட்டியை ஆணியடித்து, நாலு பேர் முன்னால் புதைத்துவிட்டு வந்தார்கள். விருந்து கிடையாது, வெள்ளைத் துணி கிடையாது. ஊரில் சாவு கூடிக்கொண்டே போக, ஸம்ஃபிராவின் அடுப்பு மட்டும் அணைந்து கிடந்தது. வாழ்நாளில் அவள் அப்படிக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்ததே இல்லை.

தேவாலயத்தை ஒட்டி ஒரு சின்ன உதவிச் சங்கம் இருந்தது. அதை நடத்திய ஒக்தாவியா வந்து, வெளியே போக முடியாத கிழவர்களுக்கும் வேலை போனவர்களுக்கும் சமைத்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டாள். ஸம்ஃபிரா நேரே போய் அண்டாவைத் தேய்க்க ஆரம்பித்தாள். கடைக்காரர்கள் அவரவர் கடையில் இருந்ததைக் கொண்டுவந்தார்கள். மூலையில் இருக்கும் ரொட்டிக்கடை விடிகாலையில் ரொட்டி அனுப்பியது, கறிக்கடையிலிருந்து எலும்பும் கொழுப்பும் வந்தன, சந்தைக்காரர்கள் மூட்டை மூட்டையாய் உருளைக்கிழங்கைத் தள்ளிவிட்டுப் போனார்கள். டாக்சி ஓட்டும் ஃபனேலுக்குச் சவாரியே இல்லை. அவன் வண்டியின் பின்சீட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சாப்பாட்டுப் பெட்டிகளை வீடு வீடாகக் கொண்டுபோனான். அவனுக்கு அந்த மாதம்தான் பேத்தி பிறந்திருந்தாள், இத்தாலியில். போகிற ஜன்னலிலெல்லாம் பெட்டியை வைத்துவிட்டுப் போனைத் தூக்கிக் காட்டுவான். குழந்தை கொட்டாவி விடுகிற படம் ஒன்றை மட்டும் தெருவே பார்த்திருந்தது. ஊரே துக்கத்தில் கிடக்கும்போது இப்படிப் பல்லைக் காட்டுகிறோமே என்று அவனுக்கே சமயத்தில் கூச்சமாக வரும். போனைப் பைக்குள் போடுவான். அடுத்த தெருவில் மறுபடி எடுத்துவிடுவான்.

ஒரு பெட்டி மட்டும் தினமும் திரும்பி வந்தது. அது பான்டெலேயின் பெட்டி.

பான்டெலே துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் மனைவி அக்லாயா ஈஸ்டருக்கு முன்னால் அதே நோயில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். அப்போது இவரையும் வீட்டுக்குள் அடைத்து வைத்திருந்தார்கள். புதைத்ததைக்கூட இவர் பார்க்கவில்லை. அடைப்புக் காலம் முடிந்து நோய் இல்லை என்று சொன்ன பிறகும் மனிதர் கதவைத் திறக்கவில்லை.

"சட்டை தோள்ல தொங்குதுக்கா," என்றான் ஃபனேல். "பெட்டில சங்கத்து ஸ்டிக்கர் ஒட்டியிருக்குல்ல, அதைப் பாத்ததும், நான் கப்பல் கப்பலா இறக்குனவன், எவன்கிட்டயும் கையேந்துனது கிடையாதுங்கிறாரு. பாப்பா படத்தக் காட்டுனேன். கெண்டை மீன் மாதிரி வாயின்னுட்டாரு."

"அது வேற என்ன, உன் வாயிதான்," என்றாள் ஸம்ஃபிரா. ஆனால் அவளுக்குள் பயம் புகுந்துவிட்டது. இப்படியே போனால் அடுத்த பெட்டி அவருக்கான சவப்பெட்டிதான். ஒக்தாவியா டாக்டரை விட்டுப் போன் பண்ணச் சொன்னாள். நன்றாகத்தான் இருக்கிறேன் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

கௌரவம்தானே தடுக்கிறது, உதவி என்றால்தானே வாங்கமாட்டார் என்று ஸம்ஃபிரா கணக்குப் போட்டாள். மறுநாள் ஸ்டிக்கரும் வேண்டாம் பெட்டியும் வேண்டாம் என்று, புது மண்சட்டி ஒன்றில் பீன்ஸ் கறியை ஊற்றி, மேலே பின்னல் ரொட்டியை வைத்து, அதில் மெழுகுவர்த்தியைக் குத்தி ஏற்றித் தானே எடுத்துக்கொண்டு போனாள். முகமூடிக்குள் மூச்சு வாங்க ஜன்னலுக்கு வெளியே நின்று, மித்தீக்கா பேரில் என்றாள். பான்டெலே எரிகிற மெழுகுவர்த்தியைப் பார்த்தார். பிறகு சட்டியை வாங்கிக்கொண்டு, கடவுள் அவனை மன்னிக்கட்டும் என்றார். ஸம்ஃபிரா வீடு திரும்பும்போது நடையில் ஒரு துள்ளலே வந்துவிட்டது.

அடுத்த நாள் போய்ப் பார்த்தால் சட்டி ஜன்னல் விளிம்பில் அப்படியே இருந்தது. மேலே ஆடை கட்டியிருந்தது. ரொட்டியில் ஒரு விள்ளல் போகவில்லை.

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. செத்தவன் சாப்பாட்டை இப்படிக் காயவிடலாமா என்று கேட்டாள். பான்டெலே கதவைத் திறந்து வாசற்படியில் வந்து உட்கார்ந்தார். அவர் பேச ஆரம்பித்தபோது குரல் எங்கோ அடியிலிருந்து வந்தது.

"அவ பேரைச் சொல்லி யாரும் ஒரு வாய் சோறு போடல, ஸம்ஃபிரா. மண்ணுக்குள்ள போனதுலேருந்து அவ பட்டினி. உம்புருஷனுக்கு நீ இருக்க, வருஷா வருஷம் போடுற. இதையே எடுத்துட்டுப் போய் அக்லாயா பேருல பக்கத்து வீட்டுல குடுத்துரலாம்னு கிளம்புனேன். பாதி வழியில திரும்பிட்டேன். அவன் சோத்தை இவளுக்குன்னு எப்படிக் குடுப்பேன்? அவ அங்க வெறும் தட்டைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பா. நான் இங்க உக்காந்து ரொட்டியப் பிச்சுத் தொட்டுத் தின்னணுமா?"

ஸம்ஃபிரா ஜன்னலிலிருந்த சட்டியை எடுத்துக்கொண்டாள். எத்தனை வருஷமாய் இந்த ஊரின் இறந்தவர்களுக்கெல்லாம் சமைத்துப் போட்டவள் அவள். பக்கத்துத் தெருவில் ஒருத்திக்கு மேசை போடாமல் கிடக்கிறது என்பது அவள் புத்திக்கு எட்டவில்லை. அவர் வாங்கமாட்டேன் என்கிறார் என்றே நினைத்துக்கொண்டிருந்தாளே தவிர, அவரே அக்லாயா பேரில் பிறருக்குக் கொடுக்க வேண்டியிருந்தது என்று நினைக்கவில்லை.

அக்லாயா இறந்து நாற்பதாம் நாள் வருகிறதே, அன்றைக்குப் பொமானா போட்டுவிடலாம், சமைப்பது தன் பொறுப்பு என்றாள்.

"ஊரான் குடுத்த உருளைக்கிழங்குலயா?" என்றார் பான்டெலே. "அவ சாப்பாடு எங்க வீட்டுலேருந்துல்ல போகணும்?"

வீட்டில் என்ன இருக்கிறது என்று ஸம்ஃபிரா கேட்டாள். ஒன்றுமில்லை என்றார். அப்புறம் நிலவறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பீப்பாய் இருக்கிறது என்றார். இலையுதிர்காலத்தில் அக்லாயா தன் கையால் உப்புத் தண்ணீரில் போட்ட முட்டைக்கோஸ். வழக்கமாக இத்தனை நாளில் தீர்ந்திருக்கும். அவள் போன பிறகு அதைத் தின்பதற்கு யார் இருந்தார்கள்?

ஃபனேலும் கறிக்கடைக்காரரும் சேர்ந்து பீப்பாயை மேலே ஏற்றினார்கள். நிலவறைக் குளிரில் கோஸ் கெடாமல் மஞ்சளாய், இலை இலையாய்ப் பிரிந்து வந்தது. ஸம்ஃபிரா அதை இரவெல்லாம் நல்ல தண்ணீரில் ஊறவைத்தாள். கறிக்கடைக்காரர் இந்தத் தடவை எலும்பை அனுப்பவில்லை, நல்ல கறியாகவே கொடுத்தார். இது பான்டெலே வீட்டுச் சாப்பாடு, நான் வெறும் எடுபிடி என்று சொல்லிவிட்டுப் போனார். அரிசியையும் கறியையும் பிசைந்து, ஒவ்வொரு இலையிலும் வைத்துச் சுருட்டி, அண்டாவில் வட்ட வட்டமாய் அடுக்கி வேகவைத்தாள். பான்டெலே கூடத்தின் கதவோரம் தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பெட்டியும் வெளியே போகும்போது அவர் கையைத் தாண்டித்தான் போனது. பேரைச் சொல்லித் தொட்டுக் கொடுத்தார். சங்கத்து ஸ்டிக்கரை ஒட்ட வேண்டாம் என்று ஒக்தாவியா தானாகவே சொல்லிவிட்டாள். பாதிரியார் வந்து வாசலிலேயே நின்று ஜெபம் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று ஃபனேல் வண்டியை மெதுவாக ஓட்டினான். ஜன்னல் ஜன்னலாக நின்று, அக்லாயா பேரில், பான்டெலே கொடுக்கிறார் என்று சொன்னான். அதுவரை பெட்டியைச் சட்டென்று வாங்கி உள்ளே மறைத்துக்கொண்டவர்கள் அன்றைக்கு ஜன்னலிலேயே நின்றார்கள். தொப்பியைக் கழற்றினார்கள். கடவுள் அவளை மன்னிக்கட்டும் என்று தெரு முழுக்க, மாடியிலிருந்தும் கீழேயிருந்தும், பெண் குரலும் ஆண் குரலுமாய்க் கேட்டது. அவளைக் கண்ணால் பார்த்திராதவர்கள்கூடச் சொன்னார்கள்.

அடுத்த வாரத்திலிருந்து ரொட்டிக்கடைக்காரர் தன் அப்பா பேரில் என்று ரொட்டி அனுப்ப ஆரம்பித்தார். சந்தைக்காரி ஒருத்திக்கும் நோயில் இறந்துபோன அக்கா ஒருத்தி இருந்தாளாம். அந்த வசந்தத்தில் மேசையில்லாமல் போன எல்லாருக்கும் ஸம்ஃபிராவின் அண்டாவிலிருந்து பங்கு போனது. அது பிறகு.

அன்றைக்குச் சாயங்காலம் அண்டாவின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஸம்ஃபிரா ஒரு தட்டில் வைத்துப் பான்டெலேயின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு, தள்ளிப் போய் நின்றாள். அவர் சிலுவை போட்டுக்கொண்டார். ஒரு சுருளை வெட்டி வாயில் வைத்து, பல்லில்லாத பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தள்ளி மென்றார். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. துடைக்கவில்லை.

"ஊற வெச்சியா?" என்று கேட்டார்.

"ராத்திரி பூரா வெச்சேன் அண்ணே. ரெண்டு தடவ தண்ணியும் மாத்துனேன்."

"அப்பவும் உப்பு," என்றார் பான்டெலே. "கல்யாணம் ஆன வருஷத்துலேருந்து சொல்றேன். கேக்கவே மாட்டா."

தட்டைக் கிட்டே இழுத்துக்கொண்டு இன்னொன்றை எடுத்தார்.