வீரம்மாள் தட்டிப் பார்த்த கிளாசெட்

வீரம்மாளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை கேட்க வேண்டுமானால் வேறு ஆளைப் பாருங்கள். நான் அவளால் வேலையை விட்டவன். விருத்தாசலத்தில் ஒரு சின்னப் பீங்கான் கம்பெனியில் இருபது வருஷமாக அவளுக்கு ஒரே வேலை. சூளையிலிருந்து இறங்கும் கக்கூஸ் கிளாசெட்டையும் வாஷ்பேசினையும் மரச்சுத்தியால் தட்டிப் பார்ப்பாள். கணீரென்றால் நல்ல சரக்கு. சொத்தென்றால் உள்ளே எங்கோ விரிசல். உடனே நீலப் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போடுவாள். அந்தக் குறி விழுந்தால் வார்த்தவனுக்குக் கூலி கிடையாது.

அச்சில் களிமண் கூழை ஊற்றி வார்ப்பது அப்போது என் வேலை. என் சரக்கில் குறி போடும்போது அவள் என் முகத்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஒருநாள் இன்னொரு தடவை தட்டிப் பார்க்கச் சொல்லிக் கெஞ்சினேன். காது கேட்காதவனெல்லாம் எதற்குக் களிமண்ணைத் தொடுகிறான் என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். சிரித்தார்கள். மறுநாளே நின்றுவிட்டேன். இப்போது வீடு வீடாகக் குழாய் வேலை, டைல்ஸ் வேலை.

அப்படிப்பட்டவள் போன மாசம் என்னைத்தான் கூப்பிட்டாள். அவள் கொடுக்கிற கூலிக்கு வேறு எவனும் வரவில்லை.

அவள் புருஷன் ராஜாங்கம் லாரியில் மூட்டை ஏற்றும்போது விழுந்து இடுப்பு போனவர். கனத்த உடம்பு. குந்த முடியாது. ரெண்டு வருஷமாகக் கொல்லையில் புடவை மறைப்புக்குள், நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி, அடியில் ஒரு வாளி. அந்த வாளியைக் கழுவி வைத்துவிட்டுத்தான் தினமும் வேலைக்குப் போவாள். வீட்டுக்குத் தளம் போட்டு மாடிப்படி கட்டியதில், படிக்கு அடியில் நாலடிக்கு அஞ்சடி இடம் மிஞ்சியது. அதுதான் பாத்ரூம்.

மூன்று வீடுகளில் மிஞ்சிய டைல்ஸ், மூன்று நிறம். பிளாஸ்டிக் கதவு. ஷவர் கிடையாது, ஒரு குழாய், ஒரு பக்கெட். ராஜாங்கம் பிடித்து எழுந்திருக்க ஒரு துண்டு இரும்புக் குழாயைச் சுவரில் பதித்தேன். கிளாசெட்டை மட்டும் அவளே தேடி எடுத்தாள். கம்பெனி கழித்துப் போட்ட செகண்ட்ஸ் குவியலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து தட்டினாள். மேல்பூச்சில் ஊசிமுனைப் புள்ளி தவிர வேறு குறையில்லாத ஒன்று அகப்பட்டது. கோயில் மணி மாதிரி ஒலித்ததை நானே கேட்டேன். மாறிப்போகக் கூடாதென்று, பதித்தபின் கண்ணில் படாத அடிக்குழிவின் உட்புறத்தில் நீலப் பென்சிலால் ‘வீ’ என்று எழுதினாள். இருந்த காசு அதோடு சரி.

அடியைச் சுற்றிச் சிமெண்ட் வைத்துப் பதித்தேன். ரெண்டு நாள் யாரும் உட்காரக் கூடாது, ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுங்கள் என்று ராஜாங்கத்திடம் சொன்னேன். மனுஷன் கதவுக்கு நேரே கட்டிலைப் போடச் சொல்லி, தோளில் துண்டோடு புது மாப்பிள்ளை மாதிரிக் காத்திருந்தார். அவர் கேட்டது ஒன்றுதான்.

“உள்ளாற தாப்பா இருக்குதா தம்பி?”

தாழ்ப்பாள் இருக்கிறது என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது.

மூன்றாம் நாள் தண்ணீர்த் தொட்டியை மாட்டப் போனேன். வீரம்மாள் கை சும்மா இருக்குமா? மரச்சுத்தியால் ஒரு தட்டு. சொத். குனிந்து காதை வைத்து இன்னொரு தட்டு. சொத்.

சிமெண்டில் இறுகிய கிளாசெட் கணீரென்று ஒலிக்காது. பதிக்கிறவனுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. இருபது வருஷம் தட்டியதெல்லாம் தரையில் சும்மா நின்ற சரக்கு. சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் திரும்பினாள்.

“என் பீஸ எந்த வூட்டுல வெச்சிட்டு இந்த ஓட்டைய இங்க கொண்டாந்த? திருட்டு நாயே.”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அப்புறம், உள்ளதைச் சொன்னால், இனித்தது.

“உங்க காது தப்பாதுக்கா,” என்றேன்.

பரவாயில்லை, மெதுவாக உட்கார்ந்துகொள்கிறேன் என்று ராஜாங்கம் கட்டிலிலிருந்து கெஞ்சினார். உடைந்தால் தொடையை அறுத்துவிடும், தெரிந்தே உட்கார வைக்க மாட்டேன் என்றாள். என்னைக் கழற்றச் சொன்னாள். முழுசாகக் கழற்ற முடியாது, உடைத்துத்தான் எடுக்க வேண்டும் என்றேன். அது நிஜம். பையிலிருந்து பெரிய சுத்தியலை எடுத்து அவள் கையில் நானே கொடுத்தேன்.

நாலே அடி. அடிப்பாகம் பிளந்து புரண்டது. உட்புறத்தில் நீலப் பென்சிலில் ‘வீ’.

அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சில்லை எடுத்து நகத்தால் சுண்டினாள். கணீரென்றது. முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள்.

“சிமெண்ட் புடிச்சா சத்தம் மாறும்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியும்க்கா.”

திட்டுவாள் என்று நின்றேன். கட்டிலில் ராஜாங்கம் தோள் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, யாரையும் பார்க்காமல், அவசரமாக வருகிறது என்று மெல்லச் சொன்னார்.

வீரம்மாள் சில்லைக் கீழே வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போய் வாளியை எடுத்தாள்.