வேளாவுக்கு ஊட்டியவள்

மீன் காட்சியகத்தில் அவளைத் தீனியக்கா என்றுதான் கூப்பிடுவோம். மீன்களுக்கு இரை நறுக்கிப் போடுவது அவள் வேலை. வாய் ஓயாத மனுஷி. வீட்டில் கேட்க ஆளில்லை என்று தொட்டிகளோடு பேசுவாள். புருஷன் போய்ச் சேர்ந்தாயிற்று. வெளியூர் மகள் தினமும் போனில் "சாப்பிட்டியாம்மா?" என்பாள். அக்கா "ஆச்சுடி" என்பாள். பாதி நாள் பச்சைப் பொய்.

அப்போதுதான் பின்பக்கத் தொட்டிக்கு ஒரு வேளா வந்தது. பார்க்கச் சுறா மாதிரி இருக்கும், ஆனால் திருக்கை வகையறா. முகத்துக்கு முன்னால் நீளமாக ஒரு ரம்பம். முகத்துவாரச் சேற்றுத் தண்ணீரில் வளரும் அந்த இனமே இப்போது அருகிவிட்டது. ரம்பம் வலையில் மாட்டினால் அதோகதிதான். இதுவும் மாட்டியது. வலைக்காரர் கொல்ல மனமில்லாமல் ரம்பத்தை அறுத்துக் கடலில் விட்டுவிட்டார். சில நாளில் கரையோரம் ஒதுங்கிக் கிடந்ததை எங்களிடம் கொண்டுவந்தார்கள். அந்த மீன் இரையைக் கண்டுபிடிப்பதும் அடிப்பதும் ரம்பத்தால்தான். அறுத்தால் மறுபடி முளைக்காது. எலும்பும் தோலுமாக வந்தது என்றுகூடச் சொல்ல முடியாது, அதற்கு எலும்பே கிடையாது, வெறும் குருத்தெலும்பு.

அக்கா வீட்டிலிருந்து புது எவர்சில்வர் இடுக்கியைப் பளபளவென்று தேய்த்துக் கொண்டுவந்தாள். அதில் மீன்துண்டைப் பிடித்து, அடிப்பக்கம் இருக்கும் வாயருகே நீட்டினாள். வெடுக்கென்று விலகியது.

"என் ராசா, ஒரே ஒரு வாய்டா."

ஊஹூம். நாளுக்கு நாள் மெலிந்தது. செத்துவிடும் என்றே நினைத்தோம்.

காட்சியகத்து மருத்துவரம்மா ஒருநாள் இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "அக்கா, உப்புத் தண்ணில உலோகம் பட்டா லேசா கரண்ட் வரும். நமக்குத் தெரியாது, அதுக்குத் தெரியும். ரம்பம் போனாலும் தலையில அந்த உணர்வு இருக்கே!"

"அடப்பாவமே! அந்த வலைக்காரரும் நானும் ஒண்ணுதான்."

மரக்குச்சியில் குத்தி நீட்டினாள். தயங்கித் தயங்கி வாங்கிக்கொண்டது. அக்கா ஈரத்தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். அன்றுமுதல் தன் மதியச் சோற்றையும் தொட்டியோரம் கொண்டுபோனாள். அதற்கு ஒரு வாய், தனக்கு ஒரு வாய்.

தேறியதே வினையாயிற்று. வேறொரு காட்சியகத்தில் இதே இனத்துப் பெண் மீன்கள் இருந்தன. இது ஆண். இனம் பெருகட்டும் என்று இதை அங்கே அனுப்ப முடிவானது.

"குட்டிக்கு ரம்பம் இருக்குமா?" என்று அக்கா கேட்டாள்.

"இருக்கும்க்கா. அம்மாவைக் கிழிச்சிடாம உறையோட பிறக்கும்," என்றார் மருத்துவரம்மா.

"அப்ப போகட்டும்," என்றாள். மரக்குச்சியையும் கூடவே கொடுத்தனுப்பினாள்.

வண்டி போனபின் காலித் தொட்டியோரம் அக்காவும் நானும் நின்றிருந்தோம். அவள் சாப்பாட்டு டப்பா திறக்காமல் கிடந்தது. போன் அடித்தது.

"சாப்பிட்டியாம்மா?"

"இல்லடி," என்றாள் அக்கா. "தனியா சாப்பிட முடியல."