கோர்படியில் நடந்த கல்யாணம்

தனியாக உட்கார்ந்து படித்தால் எனக்கு மண்டையில் ஏறாது. பள்ளிக்கூட நாளிலிருந்தே அப்படித்தான். புத்தகத்தை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு நான் வேறு ஏதாவது வேலை பார்க்க வேண்டும், அவர் கேட்கக் கேட்கப் பதில் சொல்ல வேண்டும். முப்பத்தெட்டு வயதில் புனேயில் ஒரு சட்டக் கல்லூரியில் சேர்ந்தபோதும் இந்தப் பழக்கத்தை விடவில்லை. வகுப்பில் மற்றவர்களுக்கு நான் சித்தி வயது. அவர்கள் கூட்டமாக நூலகத்தில் படித்தார்கள். எனக்குப் புத்தகம் பிடிக்க வீட்டிலேயே ஓர் ஆள் இருந்தார், என் கணவர்.

இப்போது நினைத்தால் என் வாயிலேயே இரண்டு போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் சப்பாத்திக்கு மாவு பிசைவேன். அவர் சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டு, குடும்பச் சட்டப் புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டு கேள்வி கேட்பார். மகர்பட்டாவில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் மேலாளர். எதையும் அரைகுறையாக விடமாட்டார். கல்யாணம் செல்லுபடியாக என்னென்ன நிபந்தனை, எது செல்லாத கல்யாணம், எது ரத்து செய்யத் தக்கது என்று வரிசையாகக் கேட்பார். நான் நாலு சொல்லி நிறுத்தினால், "இன்னொண்ணு இருக்குது" என்பார். கோயம்புத்தூர்க்காரர், அதட்டுவதுகூட மரியாதையாகத்தான் இருக்கும். முதல் சில மாதங்கள் கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்டார். பாவம், எனக்காக உட்கார்ந்திருக்கிறார் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

எங்களுக்குக் குடும்பச் சட்டம் எடுத்தவர் ஒரு மராட்டிய அம்மாள். பல வருடம் குடும்ப நீதிமன்றத்தில் வாதாடிவிட்டுப் பாடம் நடத்த வந்தவர். எழுதின சட்டத்துக்குப் பக்கத்திலேயே வழக்கம் என்று ஒன்று உட்கார்ந்திருக்கிறது, அதைச் சட்டமும் மதிக்கிறது என்று தொடங்கினார். உங்கள் வீடுகளில் கல்யாணம் எப்படி நடக்கும், எப்படி முறியும் என்று ஒவ்வொருவரையும் சொல்லச் சொன்னார். சாத்தாரா பக்கத்துப் பெண் ஒருத்தி, தன் சாதியில் பஞ்சாயத்து முன்னால் ஒரு துரும்பை முறித்துப் போட்டால் விவாகரத்து ஆகிவிடும், காடிமோட் என்று அதற்குப் பெயர் என்றாள். பேராசிரியை தலையாட்டிக் கேட்டார். பிறகு, அதே துரும்பு நீதிமன்றத்துக்கு வந்தால் என்ன ஆகும் என்று விளக்கினார். வழக்கம் பழையதா, தொடர்ந்து நடந்து வருவதா என்று நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க முடியாவிட்டால் விவாகரத்து இல்லை, அதை நம்பிச் செய்துகொண்ட அடுத்த கல்யாணமும் இல்லை. அப்படி ஒரே நாளில் மனைவி என்ற நிலையை இழந்த பெண்களைத் தான் பார்த்திருப்பதாகச் சொன்னார். சாத்தாராப் பெண்ணின் முகம் சுண்டிப்போனது.

எனக்குக் கொஞ்சம் இளக்காரமாகத்தான் இருந்தது. நான் கையைத் தூக்கினேன். எங்கள் கல்யாணத்தில் புரோகிதரும் இல்லை, அக்கினியும் இல்லை, தாலிகூடக் கிடையாது என்று பெருமையாகச் சொன்னேன். என் அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர், சுயமரியாதைக்காரர். அவருடைய நண்பர் ஒருவர் தலைமை தாங்க, உறுதிமொழியை அப்பா வாசிக்க, நாங்கள் திருப்பிச் சொல்லி, மாலையும் மோதிரமும் மாற்றிக்கொண்டோம். அரை மணி நேரத்தில் முடிந்தது. தமிழ்நாட்டில் இதற்கென்றே இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்திருக்கிறார்கள் என்று வகுப்புக்கே பாடம் எடுத்தேன்.

கல்யாணம் எங்கே நடந்தது என்று கேட்டார் பேராசிரியை.

இங்கே புனேயில்தான், கோர்படி ரயில்வே காலனி மண்டபத்தில் என்றேன்.

அவர் புத்தகத்தைப் புரட்டி, பொடி எழுத்தில் இருந்த மாநிலத் திருத்தங்களைக் காட்டினார். 7-ஏ தமிழ்நாட்டின் திருத்தம். கல்யாணம் நடந்ததோ மகாராஷ்டிராவில். இங்கே பழைய ஏழாம் பிரிவு மட்டும்தான், அது மணமக்களில் ஒருவருடைய வழக்கமான சடங்கைக் கேட்கிறது. என் அப்பா வாழ்நாள் முழுக்க எந்த வழக்கத்தை எதிர்த்தாரோ அதையே. இரண்டு பக்கமும் வாதாடலாம், நீண்ட காலம் சேர்ந்து வாழ்ந்தால் கல்யாணம் நடந்ததாகவே நீதிமன்றம் அனுமானிக்கும், பயப்படாதே என்றார். யாராவது எழுந்து மறுத்தால்தானே பிரச்சினை, யார் மறுக்கப்போகிறார்கள் என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சாத்தாராப் பெண் மட்டும் சிரிக்கவில்லை.

புனேத் தமிழர்கள் செய்கிற தப்பு இது. ஊரிலிருந்து அரிசி, காப்பித்தூள், சாமி, சாமி இல்லாத கொள்கை எல்லாம் ரயிலேற்றிக் கொண்டுவந்துவிடுவோம். சட்டமும் கூடவே ஏறி வந்துவிடும் என்று நினைத்துக்கொள்வோம். அப்பாவும் அப்படித்தான் நினைத்தார். பதிவு செய்ய வேண்டாமா என்று அன்று யாரோ கேட்டதற்கு, இருநூறு பேர் சாட்சி இருக்கும்போது காகிதம் எதற்கு என்று சொல்லிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இதை நான் கணவரிடம் ஒரு வேடிக்கைக் கதையாகச் சொன்னேன். பதினான்கு வருடமாகக் கல்யாணமே ஆகாமல் உங்களுக்குச் சப்பாத்தி சுட்டுக்கொண்டிருக்கிறேன், தெரியுமா என்றேன். அவர் சிரிக்கவில்லை. எந்தப் பக்கம் என்று கேட்டார். நான் மாவுக்கையோடு எட்டிப் பார்த்துப் பக்க எண்ணைச் சொன்னேன். நிதானமாக வாசித்தார்.

"அப்ப பாப்பாவுக்கு?" என்றார்.

எங்களுக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு மகள். பதினாறாம் பிரிவு இருக்கிறது, பெற்றோர் கல்யாணம் செல்லாவிட்டாலும் குழந்தைக்கு ஒரு குறையும் வராது என்றேன். பாடம் தெரிகிற பெருமை எனக்கு.

"அப்ப உனக்கு மட்டுந்தானா?"

அந்தக் கேள்வியில் எனக்கு ஏன் எதுவும் உறைக்கவில்லை என்று இன்றுவரை தெரியவில்லை. ஆமாம், எனக்கு மட்டும்தான் என்று சொல்லிவிட்டு அடுத்த உருண்டையைத் தேய்த்தேன்.

அதற்குப் பிறகு அவர் கொட்டாவி விடவில்லை. நான் கேட்காமலே ஞாயிற்றுக்கிழமை நாற்காலி வாசலுக்கு வந்தது. நான் தெளிவாகச் சொல்லாத இடத்தில் திருப்பிக் கேட்டார். அனுமானம் என்றால் அதை எப்படி உடைப்பது என்று கேட்டார். விவாகரத்து வேண்டுமென்றால் காரணம் நிரூபிக்க வேண்டும், வருடக்கணக்கில் இழுக்கும், ஆனால் கல்யாணமே நடக்கவில்லை என்று ஒருவர் சொன்னால் காரணமே தேவையில்லை, அப்படித்தானே என்று கேட்டார். நல்ல கேள்வி என்று நான் பாராட்டினேன். புத்தகத்தில் அந்தப் பக்கங்களின் ஓரத்தில் பென்சில் கோடுகள் விழ ஆரம்பித்தன. நான் பேனாவில் கோடு போடுகிறவள்.

பேராசிரியை சொன்னதை நான் முழுதாக அலட்சியம் செய்துவிடவில்லை. பதிவு செய்துவிடுவோம் என்று மாநகராட்சிப் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். படிவத்தில் கல்யாணத்தை நடத்திவைத்த பட்ஜியின், அதாவது புரோகிதரின் பெயர், கையெழுத்து என்று ஒரு கட்டம். பட்ஜி இல்லை என்றேன். வெளியே படிவம் நிரப்பிக் கொடுக்கிற ஆள், அதற்கென்ன தாயி, ஒரு பட்ஜியை நான் கூட்டிவருகிறேன், கையெழுத்துப் போடுவார் என்று மராட்டியில் சொன்னார். ஒரு நிமிடம் சபலம் தட்டியது. அன்று மாலை கோர்படிக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு எழுபத்தாறு வயது, கோபம் மட்டும் இளமையாக இருக்கிறது.

"பண்டிட் வந்தாருன்னு பொய் சொல்லித்தான் என் பொண்ணு கல்யாணம் ஆனவளா ஆகணுமா?" என்றார்.

வேறு வழி இருந்தது. சிறப்புத் திருமணச் சட்டத்தில், ஏற்கெனவே ஏதோ ஒரு முறையில் கல்யாணம் செய்துகொண்டு சேர்ந்து வாழ்கிறவர்கள் அதைப் பதிந்துகொள்ளலாம். புரோகிதர் கட்டம் கிடையாது. ஒரு மாதம் அறிவிப்புப் பலகையில் தொங்கும், அப்புறம் பதிவாகிவிடும், பிறகு யாரும் அசைக்க முடியாது. ஒன்றே ஒன்றுதான் வேண்டும். இருவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

படிவத்தை நிரப்பி, என் கையெழுத்தைப் போட்டு, அவர் கண்ணில் படும்படி குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டினேன்.

முதலில், இந்த வாரம் வேலை தலைக்குமேல் இருக்கிறது என்றார். அடுத்து, ஆதாரில் முகவரி மாற்ற வேண்டும் என்றார். பிறகு, நோட்டீஸ் பலகையில் நம் போட்டோ தொங்கினால் ஆபீசில் யாராவது பார்த்துச் சிரிப்பார்கள் என்றார். ஒவ்வொரு சாக்கும் தனியாகப் பார்த்தால் நியாயமாகத்தான் இருந்தது. காந்தம் மட்டும் இரண்டு தடவை நழுவிக் கீழே விழுந்தது, நான் எடுத்து ஒட்டினேன்.

சின்னச் சின்ன விஷயங்கள் கண்ணில் பட்டன. அலுவலகத்தின் குடும்ப விழாவுக்கு மகளை மட்டும் கூட்டிப்போனார். தொலைபேசியில் யாரிடமோ பேசும்போது என்னை "பாப்பாவோட அம்மா" என்றார். முன்பெல்லாம் "என்ற வீட்டுல" என்பார். எனக்குச் சுருக்கென்றது, ஆனாலும் தேர்வு பக்கத்தில் இருந்தது.

ஒரு நாள் புத்தக அலமாரியில் கல்யாண ஆல்பம் இல்லை. எங்கே என்று மகளிடம் கேட்டேன். அவள் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். இந்தியும் தமிழும் கலந்துதான் பேச வரும்.

"அப்பா பேக்ல டால் பண்ணாரு," என்றாள்.

பையில் போட்டுக்கொண்டு எங்கே போனார் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவரிடமே கேட்டதற்கு, பழைய போட்டோ மங்கிப்போகிறது, ஸ்கேன் செய்யக் கொடுத்திருக்கிறேன் என்றார். கல்யாணத்தை நிரூபிக்க என்னிடம் இருந்த ஒரே காகிதச் சாட்சி அந்த ஆல்பம்தான். அதை அழித்துவிடுவாரோ என்று பயந்தேன். சட்டம் படிக்கிறவள்தான், ஆனாலும் எவ்வளவு தப்பாகப் பயந்திருக்கிறேன்.

முதல் முறையாகக் குரலை உயர்த்தினேன். படிவத்தைப் பிய்த்தெடுத்து அவர் முன்னால் வைத்து, இப்போதே கையெழுத்துப் போடுங்கள் என்றேன். அவர் அதை முழுதாக வாசித்தார், முதல் தடவை பார்ப்பவர் மாதிரி.

"ஒரு கையெழுத்துலதான் நாம புருசன் பொண்டாட்டி ஆகோணுமா?" என்றார். "இத்தனை வருசம் ஆகாததா?"

குரலில் கோபமே இல்லை. படிவத்தை எடுத்துப்போய் மறுபடியும் கதவில் ஒட்டினேன். அடுத்த மாதம் தளேகாவில் ஒரு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார். கூட வேலை பார்க்கும் ஒருத்தி இருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது. அதை ஒரு வரிக்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை.

அவர் இல்லாமல் படித்துத் தேர்வை எழுதினேன். சுவரைப் பார்த்து நானே கேள்வி கேட்டு நானே பதில் சொன்னேன். திருமணச் சடங்கு பற்றிய கேள்வி வந்தது, அதைத் தொடாமல் வேறு கேள்வியை எடுத்துக்கொண்டேன்.

ஒரு திங்கட்கிழமை காலை, மகள் பள்ளிக்குப் போன பிறகு, குடும்ப நீதிமன்றத்திலிருந்து ஆள் வந்து கனமான உறை ஒன்றைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிப்போனார். சமையலறை மேடையிலேயே பிரித்தேன். விவாகரத்து மனு என்றுதான் நினைத்தேன். இல்லை. மனுதாரருக்கும் எதிர்மனுதாரருக்கும் சட்டப்படி கல்யாணமே நடக்கவில்லை என்று அறிவிக்கக் கோரும் மனு.

எனக்கு அழுகை வரவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதலில் எனக்குள் எழுந்தது மாணவிதான். மனு நன்றாக இருந்தது. ஏழாம் பிரிவு கேட்கும் சடங்கு நடக்கவில்லை. 7-ஏ இங்கே செல்லாது. இரு குடும்பத்திலும் இப்படி ஒரு வழக்கம் தொன்றுதொட்டு இருந்ததில்லை. பதிவும் இல்லை. குழந்தைக்குப் பதினாறாம் பிரிவின் பாதுகாப்பு உண்டு, அதை மனுதாரர் மனமார ஏற்கிறார். நான் மாவு பிசைந்துகொண்டே சொன்ன வரிசை அப்படியே. சேர்ந்து வாழ்ந்ததால் எழும் அனுமானத்தை நான் எப்போதும் கடைசியில் மறந்துவிடுவேன், அவர்தான் இன்னொண்ணு இருக்குது என்று எடுத்துக்கொடுப்பார். அதற்கும் ஒரு பத்தி இருந்தது. நடந்தது என்ன என்று படங்களே காட்டும்போது அனுமானத்துக்கு இடமில்லை என்று எழுதியிருந்தது.

பக்கத்தைத் திருப்பினேன். இணைப்பு. ஆல்பத்தை அவர் அழிக்கவில்லை, பத்திரமாக நகலெடுத்திருக்கிறார். நான் மாலையோடு தலை குனிந்து நிற்பது. அவர் எனக்கு மோதிரம் போடுவது. அப்பா கறுப்புச் சட்டையில், உறுதிமொழித் தாளை உயர்த்திப் பிடித்து, வாழ்நாளிலேயே அதிகமாகச் சிரித்துக்கொண்டு நிற்பது. முப்பத்தாறு படங்கள். எதிலும் அக்கினி காணப்படவில்லை, புரோகிதர் காணப்படவில்லை என்று பட்டியலில் எழுதியிருந்தது. இதை அப்பாவிடம் நான்தான் சொல்ல வேண்டும். அவர் வாசித்த உறுதிமொழியையே அவருக்கெதிரான சாட்சியாக வைத்திருக்கிறார்கள் என்று எந்த வாயால் சொல்வது?

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் படிவம் இன்னும் இருந்தது. என் கையெழுத்துக்குப் பக்கத்தில் அவருடைய கட்டம் காலியாக இருந்தது. நான் கையிலிருந்த படங்களைப் பார்த்தேன். ஒவ்வொன்றின் கீழேயும், உண்மை நகல் என்ற வரிக்கு அடியில், நீல மையில் அழுத்தமாக அவர் கையெழுத்துப் போட்டிருந்தார். எட்டு மாதம் நான் கேட்டும் கிடைக்காத கையெழுத்து, முப்பத்தாறு தடவை.