இன்ஜின் கொத்தனார் கட்டிய ஆஸ்பத்திரி

சிகரெட் விலை ஏறிய அன்று இன்ஜின் கொத்தனார் போட்ட கூச்சலில் பெட்டிக்கடைக்காரர் கடையைப் பாதி சாத்திவிட்டார். "நான் என்னய்யா பண்ணுவேன்? அரசாங்கம் வரி ஏத்தியிருக்கு, அவங்களப் போய்க் கேளு" என்றார். "அவங்க எங்கயோ இருக்காங்க. நீதானே கண்ணு முன்னால இருக்க" என்று பதில் வந்தது. நியாயம்தானே, கோபத்தை யார் தலையிலாவது இறக்கி வைக்க வேண்டும்.

இன்ஜின் என்ற பெயர் அவருக்குச் சும்மா வரவில்லை. சாரத்தின் மேல் நின்று செங்கல் அடுக்கும்போதும் உதட்டில் ஒன்று புகைந்துகொண்டே இருக்கும். இரண்டு கைக்கும் வேலை இருப்பதால் அதை வெளியே எடுக்கவே மாட்டார். சாம்பல் தானாக உதிரும், அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பார். அவர் இருமினால் தெருநாய் எழுந்து வேறு இடம் பார்த்துப் படுக்கும். ஆனால் வேலை என்று வந்தால் மனிதர் கில்லாடி. அவர் வைத்த கதவு நிலை ஒன்றுகூட இதுவரை ஆடியதில்லை.

விலை ஏறிய சூடு ஆறுவதற்குள் ஊர்க் கடைசியில் இருந்த பொட்டலுக்கு ஒரு ஜீப் வந்தது. சுகாதார அதிகாரி இறங்கி இடத்தை அளக்கச் சொன்னார். சிகரெட் வரியில் வருகிற பணத்தில் கிராமங்களுக்கு ஆஸ்பத்திரி கட்டுகிறார்களாம். பிரசவ அறையோடு ஒன்று இங்கேயும் வருகிறதாம். கூட்டத்தில் நின்ற கொத்தனார் வாயிலிருந்ததை எடுத்து, புதிதாகப் பார்ப்பவர் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப இது என் காசா சார்?"

"எல்லார் காசும்தான்" என்றார் அதிகாரி.

"ஊர்லயே அதிகமா ஊதுறவன் நான். பெரிய பங்கு என்னுதுதான்!"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, வீட்டுக்கு ஓடினார். அவருடைய ஒரே மகள் பக்கத்துத் தெருவில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். முதல் பிரசவத்துக்கு வலி எடுத்தபோது அவளை வேனில் படுக்க வைத்து டவுனுக்குக் கொண்டுபோனார்கள். ரோடா அது, பள்ளங்களுக்கு நடுவே அங்கங்கே கொஞ்சம் தார். பாதி வழியிலேயே குழந்தை பிறந்தது. அழவே இல்லை. அதற்குப் பிறகு மகள் எப்போது சிரித்தாலும் அது நிஜச் சிரிப்புதானா என்று கொத்தனார் ஓரக்கண்ணால் பார்ப்பார். கேட்க வாய் வராது. இப்போது அவள் மறுபடியும் உண்டாகியிருந்தாள்.

"கேட்டியா? நம்ம ஊர்லயே பிரசவ அறை! நான்தான் கட்டப் போறேன். நம்ம பொண்ணுக்கு நாள் நெருங்கறதுக்குள்ள முடிச்சுக் காட்டறேன் பாரு!" என்று மனைவியிடம் குதித்தார்.

காண்ட்ராக்டரின் கையையும் காலையும் பிடித்து வேலையை வாங்கினார். அப்புறம் பிடித்தது பேய்தான். மணல் லாரி தாமதித்தால் டிரைவரின் பரம்பரையையே இழுப்பார். ஞாயிற்றுக்கிழமையும் சாரத்தில் நின்றார். மழை பெய்தால் வானத்தையும் விடவில்லை. ஒவ்வொரு சிகரெட்டையும் பற்றவைக்கும்போது, "இந்தா, ஆஸ்பத்திரிக்கு ஒரு செங்கல்" என்பார்.

மனைவி சும்மா விடுவாளா? "சுவரு அங்க எழும்புது, சரி. உங்க நெஞ்சுக்குள்ள எவ்வளவு எழும்பியிருக்குன்னு யாரு பாக்கறது?"

கூரை போட்டதும் நர்ஸம்மா வந்து சேர்ந்தாள். சின்ன உருவம், பெரிய குரல். பக்கத்தில் ஒரு வாடகை அறையில் தங்கிக்கொண்டு, வாரம் தவறாமல் மகளைப் பரிசோதித்தாள். சாரத்தைத் தாண்டும்போதெல்லாம், "கொத்தனாரே, அத விட்டுத் தொலைங்க" என்பாள்.

"நான் விட்டு, இன்னொருத்தன் விட்டு, எல்லாரும் விட்டுட்டா உங்க சம்பளத்துக்கு எங்க போவீங்க?" என்று ஒரு நாள் மடக்கினார் இவர்.

"அப்படி ஒரு கஷ்டம் எனக்கு வரட்டுமே!" என்று சொல்லிவிட்டு அவள் போய்க்கொண்டே இருந்தாள். கொத்தனார் அடுத்த செங்கலைக் கொஞ்சம் ஓங்கியே வைத்தார்.

ஒரு வழியாகக் கட்டிடம் முடிந்தது. சுண்ணாம்பு வாசனை போகும் முன்பே கட்டில், விளக்கு, கருவிகள் எல்லாம் வந்து இறங்கின. பின்பக்க ஜன்னல் ஒன்றின் சட்டம் கோணலாக இருந்ததால் அதைப் பிடுங்கிவிட்டு வேறு வைத்துப் பூசினார் கொத்தனார். அதிகாரி வந்து பார்த்தார், பாராட்டினார், வெள்ளிக்கிழமை ரிப்பன் வெட்டித் திறப்பு விழா என்றார், பின்கதவை உள்ளே தாழிட்டு, முன்கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு டவுனுக்குப் போய்விட்டார்.

மகளுக்கு வலி எடுத்தது புதன்கிழமை காலை, நாள் இன்னும் இருக்கும்போதே.

நர்ஸம்மா வந்து பார்த்தாள். அவள் முகம் மாறியதைக் கொத்தனார் கவனித்துவிட்டார். அதிகாரிக்குப் போன் போட்டால், "மீட்டிங்ல இருக்கேம்மா. சாவி கொண்டு வர நேரமாகும். டவுனுக்குக் கூட்டிட்டு வந்துடுங்க" என்றார்.

"அந்த ரோட்டுல இவள அனுப்ப முடியாது, அவ்வளவு நேரம் இல்ல" என்றாள் நர்ஸம்மா. "அறை இருக்கு, கருவி இருக்கு, நான் இருக்கேன். கதவுதான் திறக்கல."

கொத்தனார் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பின்னாலேயே ஆட்டோவில் மகளும் மருமகனும் மனைவியும் நர்ஸம்மாவும். முன்கதவின் இடுக்கில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார். ஊஹூம். பலகையில் கீறல் விழுந்ததே தவிர, பதித்த பூட்டும் விடவில்லை, நிலையும் அசையவில்லை. மறுபடி நெம்பினார். வியர்வை கொட்டியது.

"இவ்வளவு கெட்டியா எவன்டா வச்சான் இந்த நிலைய!" என்று கத்தினார்.

"நீங்கதான்! வேற எவன் வைப்பான்?" என்று மனைவியும் கத்தினாள்.

அப்போதுதான் பின்பக்க ஜன்னல் ஞாபகம் வந்தது. அந்தப் பூச்சு இன்னும் முழுதாக இறுகியிருக்காது! கட்டிடத்தைச் சுற்றி ஓடினார். தான் தடவித் தடவி வழவழப்பாக்கிய பூச்சின் மேல் தானே ஓங்கி இடித்தார். மூன்றாவது இடியில் பெயர்ந்தது. சட்டத்தோடு ஜன்னல் வெளியே வந்து விழுந்தது. தலையையும் தோளையும் உள்ளே நுழைத்தார். பாதி உடம்பு உள்ளே, பாதி வெளியே. அந்த நேரம் பார்த்து இருமல் பிடித்துக்கொண்டது. மூச்சு உள்ளே போகவில்லை. கண் இருட்டியது. முன்வாசல் பக்கத்திலிருந்து மகளின் அலறல் கேட்கிறது, இவரால் ஒரு சாண் நகர முடியவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக அந்தப் பாழாய்ப்போன பழக்கத்தின் மேல் அவருக்கு ஆத்திரம் வந்தது.

மனைவி ஓடி வந்து இரண்டு காலையும் பிடித்து ஒரே தள்ளாகத் தள்ளினாள். மூட்டை மாதிரி உள்ளே விழுந்தார். தவழ்ந்து போய்ப் பின்கதவின் தாழ்ப்பாளை இழுத்தார். நர்ஸம்மா மகளைத் தாங்கிக்கொண்டு உள்ளே பாய்ந்தாள்.

பிறகு செய்வதற்கு அவருக்கு எதுவும் இல்லை. சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றார். மருமகன் நகத்தைக் கடித்துக்கொண்டு நடந்தான். உள்ளே நர்ஸம்மாவின் பெரிய குரல் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. ஒரு சத்தமும் இல்லை. அழு, அழுதுடு கண்ணு, அழு என்று கொத்தனார் சுவரைப் பார்த்துக் கெஞ்சினார்.

குழந்தை அழுதது! அழுகையா அது, கட்டிடத்தையே தூக்கிக்கொண்டு போகிற சத்தம்! கொத்தனார் மருமகனைக் கட்டிப் பிடித்துச் சுற்றினார். "நம்ம வீட்டுக் குரல்டா! நம்ம வீட்டுக் குரல்!" என்று கத்தினார்.

இந்த அமளியில்தான் ஜீப் வந்து நின்றது. சாவியும் கையுமாக இறங்கிய அதிகாரி ஓட்டையைப் பார்த்தார். "யாரு இத உடைச்சது?"

"கட்டினவன்தான் சார்."

அதிகாரி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். உள்ளே குழந்தை இன்னும் பெரிதாகக் கத்தியது. வாயை மூடிக்கொண்டார். பிறகு, "வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாயிடுமா?" என்று மட்டும் கேட்டார்.

கொத்தனாருக்கு அதற்கெல்லாம் பதில் சொல்லப் பொறுமை இல்லை. கையை நீட்டிக்கொண்டு உள்ளே ஓடினார். நர்ஸம்மா வாசலிலேயே மறித்தாள்.

"நாள் முன்னாடி வந்த குழந்தை. புகை நாத்தத்தோட கிட்ட வராதீங்க."

"அம்மா, இந்தக் கட்டிடமே என் புகையிலதான் எழும்புச்சு!"

"கட்டிடத்துக்கு நுரையீரல் இல்ல கொத்தனாரே. இவளுக்கு இருக்கு."

ஜன்னலில் மாட்டிக்கொண்டு மூச்சுக்குத் தவித்தது அவருக்கு அப்படியே நெஞ்சில் வந்து நின்றது. நேரே பைப்படிக்குப் போனார். சட்டைப் பையிலிருந்த பாக்கெட்டைச் சேற்றில் போட்டு மிதித்தார். சோப்புக் கரைகிற வரை தேய்த்துத் தேய்த்துக் குளித்தார். வாயைக் கொப்பளித்தார். மருமகனின் சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டு வந்து, பள்ளிக்கூடப் பையன் மாதிரி இரண்டு கையையும் காட்டினார். நர்ஸம்மா முகர்ந்து பார்த்தாள். அரை மனதோடு துணியில் சுற்றிய பேத்தியைக் கொடுத்தாள்.

கொத்தனார் வாங்கிக்கொண்டார். உதட்டை இறுக மூடி, முகத்தைத் தோள் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். குழந்தையை ஓரக்கண்ணால் மட்டும் பார்த்தார். கன்னம் உப்பியது, கண்ணில் நீர் கட்டியது, முகம் சிவந்துகொண்டே போனது. என்னவோ ஏதோ என்று மனைவி பதறினாள். கட்டிலில் கிடந்த மகளுக்குத்தான் முதலில் புரிந்தது. அவள் சிரித்தாள். நிஜமாகவே சிரித்தாள்.

"அப்பா, மூச்ச விடுங்கப்பா!"

அவர் தலையை ஆட்டி மறுத்தார்.