நாலு மணி நேரப் பட்டறை

அர்ச்சுனன் செத்தது சூளையின் வாயில். விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறை ஒன்றில் அவர் நெருப்புப் பார்க்கிறவர். 1967 மாசியில், மாற்று ஆள் வரவில்லை என்று முதலாளி சொன்னதால் தொடர்ந்து மூன்றாவது ஷிப்டும் நின்றார். காலையில் வேலைக்கு வந்த பழமலைதான் முதலில் பார்த்தான். கையில் இரும்புக் கம்பியோடு, சுவரில் சாய்ந்து, தீயையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, வூட்டுக்குப் போங்க. நான் பாத்துக்கறேன்" என்று தோளைத் தொட்டான். உடம்பு சூடாக இருந்தது. அது சூளையின் சூடு என்று புரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

பழமலை கம்மாபுரம் பக்கத்து ஆள். காலால் உதைத்துச் சுற்றும் சக்கரத்தில் ஊறுகாய் ஜாடி வனைவது அவன் வேலை. அந்தச் சாவுக்குப் பிறகு தூக்கம் கெட்டுப்போனது. கண்ணை மூடினால் அந்தத் தோள்தான் கையில் பட்டது. கூட வேலை பார்த்த அமீனுதீன் அவனை ஞாயிற்றுக்கிழமைகளில் நெய்வேலிக்கு அழைத்துப் போனார். அங்கே தொழிற்சங்க வகுப்பு நடந்தது. வேலையைப் பற்றி உலகத்தில் யார் யார் என்னென்ன யோசித்தார்கள் என்று ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் சொல்லிக்கொண்டு வந்தார்.

தறிநாடா தானாக ஓடினால் அடிமைகளே வேண்டியிருக்காது என்று பழங்காலக் கிரேக்கர் ஒருவர் எழுதினாராம். ஒரே வேலையில் கிடந்தால் மனிதன் வாடிப்போவான், வேலையை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்றாராம் ஒரு பிரெஞ்சுக்காரர். பழமலையைப் பிடித்துக்கொண்டது இத்தாலியத் துறவி ஒருவரின் கதை. பல வருடம் சிறையில் கிடந்த அவர், அங்கேயே ஓர் ஊரைக் கற்பனை செய்தார். அந்த ஊரில் எல்லாரும் வேலை செய்வார்கள். ஆனால் நாளுக்கு நாலு மணி நேரம்தான். மீதி நேரம் படிப்பு, பேச்சு, விளையாட்டு.

திரும்பி வரும் பஸ்ஸில் பழமலை கேட்டான்: "அந்த ஊர்ல இருந்திருந்தா அண்ணன் செத்திருக்க மாட்டாரு, இல்லீங்களா பாய்?"

அமீனுதீன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். "அந்த ஊரு எங்கியும் இல்லியேப்பா" என்றார்.

"நாம வச்சுக்கலாம்" என்றான் பழமலை.

அடுத்த வருடம் முதலாளி பட்டறையைப் பூட்டிவிட்டுச் சென்னைக்குப் போனபோது அதை நாலு பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்தார்கள். பழமலை, அமீனுதீன், களிமண் மிதிக்கும் தங்கராசு, அர்ச்சுனனின் மனைவி அமிர்தம். ஏழு மணிக்குத் திறந்து பதினொரு மணிக்குப் பூட்ட வேண்டும். வனைவதும் மண் மிதிப்பதும் மெருகு பூசுவதும் முறை மாறி மாறி. சூளை எரியும் நாட்களில் மட்டும் நேரம் கூடும். அப்போதும் யாரும் தனியாக நிற்கக் கூடாது, நாலு மணி நேரத்துக்கு மேல் நிற்கவும் கூடாது. மேஸ்திரி கிடையாது.

ஊரில் சிரித்தார்கள். ஆனாலும் ஜாடிகள் நன்றாக வந்தன. சேத்தியாத்தோப்புச் சந்தையில் போயின. அமீனுதீன் மத்தியானங்களில் நூலகத்தில் உட்கார்ந்தார். பழமலை மணிமுத்தாற்று மணலில் படுத்துக் கிடந்தான். படுத்தாலும் கால் மட்டும் சக்கரத்தை உதைப்பதுபோல் அசைந்துகொண்டிருந்தது.

ஒருநாள் எதிர் டீக்கடைக்காரர் பழமலையிடம் கேட்டார்: "மத்தியானத்துல உள்ள சக்கரம் சுத்துதே, யாரு?"

"பூட்டியில்ல இருக்குது?"

"பூட்டுதான் தொங்குது. சத்தம் கேக்குது."

அர்ச்சுனன் ஷிப்டை முடிக்காமல் போனவர், அதனால்தான் வருகிறார் என்று தெருவில் பேச்சு பரவியது. தங்கராசு அதைக் கேட்டதும் வேலைக்கு வருவதை நிறுத்திக்கொண்டான். அமீனுதீன், "கிரேக்கர் சொன்ன மாதிரி தானா சுத்துதோ என்னமோ" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

பழமலைக்குப் பேயில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் மறுநாள் மத்தியானம் பட்டறைக்குப் போனான். வெயிலில் தெரு காலியாகக் கிடந்தது. பூட்டு தொங்கியது. உள்ளே சக்கரம் சுற்றும் சத்தம் நன்றாகக் கேட்டது. பின்பக்கம் போனான். விறகு போடும் சின்னக் கதவு திறந்திருந்தது.

சக்கரத்தில் அமிர்தம் உட்கார்ந்திருந்தாள். ஒரு ஜாடி எழும்பி வந்தது. கழுத்து குறுகி, வாய் விரிந்து, குறையில்லாமல் நின்றது. அதை இரண்டு கையாலும் அமுக்கி மறுபடி மண்ணாக்கினாள். திரும்பவும் உதைத்தாள். அடுத்த ஜாடி எழும்பியது.

"அண்ணி" என்றான்.

அவள் திடுக்கிடவில்லை. "வூட்ல சும்மா உக்காந்தா அவரு வந்து நிக்கிறாரு தம்பி. வாசல்ல, அந்தக் கம்பியோட. கை ஓடிக்கிட்டு இருந்தா வரமாட்டாரு."

"இது விக்கறதுக்கு இல்லியா?"

"எதுக்கு விக்கணும்?" சக்கரம் மெல்ல நின்றது. "தம்பி, உங்க சாமியாரு யோசிச்ச ஊர்ல செத்துப்போனவங்க எங்க இருப்பாங்க?"

பழமலை எதிரில் கிடந்த பலகையில் உட்கார்ந்தான். அவள் மறுபடி உதைக்க ஆரம்பித்தாள்.

அமீனுதீனிடம் சொன்னபோது அவருக்கு வருத்தம் வந்தது. "நாலு மணி நேரம்னு நாமளே பேசி வச்சது. ஒருத்தர் மீறினா நாளைக்கு எல்லாரும் மீறுவோம்."

"அது வேலை இல்லீங்க பாய்."

"பின்ன என்ன அது?"

நெய்வேலி வாத்தியாரிடம் பழமலை அமிர்தத்தின் கேள்வியைக் கேட்டான். நான் படித்ததில் யாரும் இதைச் சொல்லவில்லை என்றார் அவர். அதன் பிறகு பழமலை வகுப்புக்குப் போகவில்லை. மத்தியானங்களில் பட்டறைக்குப் போய் அமிர்தத்துக்கு மண் பிசைந்து கொடுத்தான். அமீனுதீன் கொஞ்சநாள் முறைத்துக்கொண்டிருந்தார். பிறகு ஒருநாள் முன்கதவுச் சாவியை அமிர்தத்தின் கையில் கொடுத்து, "பின்வாசல் வழியா ஏம்மா வரீங்க?" என்றார்.

1972-இல் அமிர்தம் அதே வட்டாரத்து மங்களூர் கிராமத்தில் இருந்த தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே வயலில் வேலை ஓயாது என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அவள் போன பிறகும் மத்தியானத்தில் சத்தம் கேட்பதாக டீக்கடைக்காரர் சொன்னார். பழமலை போய் நின்றான். உள்ளே யாரும் இல்லை. சக்கரம் அசையாமல் இருந்தது. அவனுக்கும் கேட்டது.

இரண்டு பேரால் பட்டறையை இழுத்துப்போக முடியவில்லை. 1974-இல் சாவியைத் திருப்பிக் கொடுத்தார்கள். அமீனுதீன் தன் மகனின் கடையில் உட்காரப் போனார். பழமலை பெரிய பீங்கான் கம்பெனி ஒன்றில் எட்டு மணி நேர வேலையில் சேர்ந்தான்.

அங்கே ஒருநாள் விடியற்காலையில் ஷிப்டு மாறும்போது கோவிந்தசாமி என்பவரை இன்னொரு ஷிப்டும் நெருப்புப் பார்க்கச் சொன்னார் சூப்பர்வைசர். கோவிந்தசாமி தலையாட்டிவிட்டு, களைப்பில் சுவரோரம் சாய்ந்தார். பழமலை நேராகப் போய் அவர் கையில் இருந்த கம்பியைப் பிடுங்கினான்.

"எழுந்திரிங்க. வூட்டுக்குப் போங்க."

"நீ யாருய்யா சொல்றதுக்கு?" என்றார் சூப்பர்வைசர்.

பழமலை கோவிந்தசாமியின் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டே இருந்தான். "எழுந்திரிங்க அண்ணே, எழுந்திரிங்க" என்று அவன் கத்தியது கம்பெனி முழுக்கக் கேட்டது. கோவிந்தசாமி பயந்துபோய் எழுந்தார். "எனக்கு ஒண்ணுமில்லப்பா, விடு, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றார். பழமலை அவர் நெஞ்சில் கையை வைத்து, அது அடித்துக்கொள்கிறதா என்று பார்த்த பிறகுதான் விட்டான்.

அன்றே அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கோவிந்தசாமியும் அந்த ஷிப்டுக்கு நிற்காமல் அவன் பின்னாலேயே கேட்டைத் தாண்டி வந்தார். இருவரும் ரோட்டில் நின்றார்கள். காலை வெயில் அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது.

"இப்ப எங்கப்பா போறது?" என்றார் கோவிந்தசாமி.

"தூங்குங்க" என்றான் பழமலை.