கண்ணாடி கழுவும் மோட்டார்

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையின் முடிவில் ரயில் பாதை, அதற்கு அப்பால் கடல். காற்றுக் காலத்தில் கடல் உப்பு வந்து காரின் முன்கண்ணாடியில் வெண்படலமாகப் படிந்துவிடும். வைப்பரைப் போட்டால் அது இன்னும் இழுபட்டு, எதிரே வருவது பஸ்ஸா லொறியா என்று தெரியாது. தண்ணீர் பீய்ச்சினால்தான் போகும். அதைப் பீய்ச்சும் சின்ன மோட்டார் எங்கள் பழைய காரில் செத்துப்போயிருந்தது. கொள்ளுப்பிட்டியில் இருந்த அலுவலகத்துக்குப் போகும் வழியில் அப்பா காரை நிறுத்தி, இறங்கி, பேப்பரால் கண்ணாடியைத் துடைப்பார். சோதனைச் சாவடிகள் இருந்த தெருவில் அப்படி இறங்கி நிற்பது அந்த யுத்த நாளில் புத்தியான காரியம் இல்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. அப்பாவின் தம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களுடன் தங்கியிருந்தார். வெளிநாடு அனுப்புவதாகச் சொன்ன ஏஜென்சிக்காரனின் அழைப்புக்காகக் காத்திருந்தார். அவர் எங்களுடன் தங்குவதைப் பொலிஸில் முறைப்படி பதிந்திருந்தோம். இருந்தும் அப்பா அவரை வெளியே போக விடுவதில்லை. சித்தப்பா வீட்டுக்குள்ளேயே நடந்து நடந்து, அகப்பட்டதையெல்லாம் திருத்தினார். மின்விசிறியைத் திருத்தினார், அம்மாவின் கிரைண்டரைத் திருத்தினார், நன்றாக ஓடிக்கொண்டிருந்த மணிக்கூட்டையும் கழற்றிப் பூட்டினார்.

“அண்ணை, அந்த மோட்டாரை நான் மாத்தித் தாறன்” என்றார் ஒருநாள். அப்பா பழைய உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தைக்குப் போய், வேறு ஏதோ காரில் கழற்றிய மோட்டார் ஒன்றை வாங்கி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கேற்றுக்குப் பக்கத்தில் வேலை தொடங்கியது. பொனட்டின் கீழே இருந்த தண்ணீர்ப் போத்தலின் அடியில்தான் அந்த மோட்டார் செருகியிருந்தது. சித்தப்பா அதை ஆட்டி ஆட்டி இழுத்தார். சவர்க்காரத் தண்ணீர் முழுவதும் அவர் மடியில் கொட்டியது. புதியதைப் பார்த்தால், அதன் வயர்முனை எங்கள் காருக்குப் பொருந்தவில்லை. சளைக்காமல் வயர்களை வெட்டி, தோலுரித்து, முறுக்கி, கறுப்பு வயர் ரேப் சுற்றினார். பூட்டுவதற்கு முன் வேலை செய்கிறதா பார்க்கவேண்டும் என்று மோட்டாரை வாளிக்குள் வைத்து, பற்றரியிலிருந்து நீள வயர் இழுத்துத் தொட்டார். கிர்ரென்று ஒரு சத்தம். குழாயிலிருந்து தண்ணீர் பாய்ந்து மதிலைத் தாண்டி ஒழுங்கையில் விழுந்தது. சித்தப்பா வாய்விட்டுச் சிரித்தார். அவர் எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஒழுங்கையால் போன யாரோ பார்த்திருக்கவேண்டும். புதிய இளைஞன், வயர், பற்றரி, வாளி. சொன்னது யார் என்று கடைசிவரை எங்களுக்குத் தெரியவில்லை.

மோட்டாரைப் பூட்டி, போத்தலில் தண்ணீர் நிரப்பி முடித்த கொஞ்ச நேரத்தில் பொலிஸ் ஜீப் வந்து நின்றது. அதிகாரி, நிலத்தில் கிடந்த பழைய மோட்டாரைச் சப்பாத்து நுனியால் புரட்டி, “மே மொகக்த?” என்று கேட்டார். இது என்ன என்றுதான் சிங்களத்தில் கேட்டார். அப்பா ஒரே மூச்சில், “வத்துர சேர், வத்துர” என்றார். வெறும் தண்ணீர்தான் என்று நிரூபிக்க என்னைப் பார்த்து, “பிள்ளை, ஏறி அந்தப் பிடியை இழு” என்றார்.

நான் ஓடிப்போய் ஸ்டியரிங்குக்கு முன்னால் இருந்து முழுப்பலத்தோடு இழுத்தேன். தண்ணீர் கண்ணாடியில் படாமல் வளைந்து போய் அதிகாரியின் சட்டையில் விழுந்தது. பின்னால் நின்ற கொன்ஸ்டபிள் சிரித்துவிட்டார். அதிகாரியும் கைலேஞ்சியால் துடைத்துக்கொண்டே சிரித்தார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவர் சித்தப்பாவிடம், சின்ன விசாரணைதான், கையைக் கழுவிக்கொண்டு வா என்று மரியாதையாகச் சொன்னார். அம்மா சவர்க்காரம் எடுத்துக் கொடுத்தார்.

சட்டத்தரணி பிடித்து அப்பா அவரை மீட்டுக்கொண்டுவரச் சில நாட்கள் சென்றன. திரும்பி வந்த சித்தப்பா எதையும் திருத்தவில்லை. வாசலுக்கு முதுகுகாட்டி உட்காரவும் இல்லை.

ஒரு பின்னேரம் நான் அறைக்குள் படித்துக்கொண்டிருந்தேன். ஹோலில் அப்பா கதைப்பது கேட்டது.

“தம்பி, கொட்டாஞ்சேனையில ஒரு லொட்ஜ் பாத்திருக்கிறன். சனத்தோட சனமா நிண்டா ஒருத்தரும் கவனிக்கமாட்டினம்.”

“ஓம் அண்ணை” என்றார் சித்தப்பா. அவ்வளவுதான்.

அவர் எழுந்து போனதும் அம்மாவின் குரல் உயர்ந்தது. “அவன் என்ன பிழை செய்தவன்? உங்கட காரைத் திருத்தினதோ?”

“எனக்கொரு பொம்பிளைப்பிள்ளை இருக்கு” என்றார் அப்பா.

அப்பா என்னை ஒரு காரணமாகச் சொன்னதைக் கேட்டு எனக்குப் பெருமையாக இருந்தது.

சில மாதங்கள் கழித்து சித்தப்பாவுக்குப் பயணம் சரிவந்தது. விமானநிலையத்துக்குத் தானே கொண்டுபோய் விடுவதாக அப்பா சொல்லியிருந்தார். பின்னேரம்தான் விமானம். காலையிலேயே என்னையும் ஏற்றிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனார். லொட்ஜ் முதலாளி எங்களைப் பார்த்து வியந்தார். “அவர் விடியவே வான் பிடிச்சுப் போயிட்டாரே. உங்களுக்குச் சொல்லேல்லையோ?”

அப்பா திரும்பி வந்து காரில் ஏறினார்.

சித்தப்பா பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார். வருடப்பிறப்புக்குத் தவறாமல் தொலைபேசி எடுப்பார். அம்மாவுடன் நெடுநேரம் கதைப்பார். அப்பாவிடம், “சுகமாயிருக்கிறியளோ அண்ணை” என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார். அப்பா இறந்தபோது பெரிய மலர்வளையம் ஒன்றுக்கு ஒழுங்கு செய்தார். அவர் வரவில்லை.

இதெல்லாம் பிறகு நடந்தவை. அன்றைக்கு நான் கேட்டது ஒன்றுதான். “அப்பா, எயார்போட்டுக்குப் போனா அங்க சித்தப்பாவைக் காணலாம்தானே?”

“ஓம், போவம்” என்றார்.

விமானநிலையத்துக்குக் களனிப் பாலத்துப் பக்கம் திரும்பவேண்டிய கார் மற்றப் பக்கம் திரும்பியது. நான் பின் சீற்றிலிருந்து எட்டி, “அப்பா, பிழையான ரோட்” என்றேன். காலிமுகத்திடலில் வலப்பக்கம் கடல் தெரிந்தபோது, “இது வீட்டுக்குப் போற வழி அப்பா” என்று இன்னும் சத்தமாகச் சொன்னேன். கொழும்பின் தெருக்களெல்லாம் அத்துப்படியான மனுஷன், எப்படி இவ்வளவு சுலபமாகத் தடுமாறினார் என்று எனக்குச் சிரிப்பாக வந்தது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் குசினிக்குள் ஓடி, அப்பாவுக்கு வழி மாறிப்போனதை அம்மாவிடம் சொன்னேன்.