அசையாத மீற்றர் முள்

தொண்ணூற்றொன்றில் நான் யாழ்ப்பாணத்து அரியாலையில் ஒரு பழைய காரை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். காபரேற்றரில் நாலைந்து சொட்டுப் பெற்றோல் விட்டுக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டிய யுத்தத் தடைக் காலம். பழுதுகளை நானே பார்ப்பேன். அதற்கு ஒரு மீற்றர் இருந்தது. அதன் சிவப்பு, கறுப்பு வயர்களின் நுனிகளை எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் கொயிலின் இரு முனைகளில் வைத்தால், உள்ளே கம்பி அறாமல் இருந்தால் முள் அசையும். வேலை தொடங்குமுன் இரண்டு நுனிகளையும் ஒன்றோடொன்று தொட்டு, மீற்றர் சரியா என்று பார்ப்பது முறை. பற்றரிக்கும் தடை வந்தபிறகு அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டேன். மீற்றருக்குள் இருந்த பற்றரி தீர்ந்தால் வேறு கிடைக்காது.

ஒருநாள் காலை பக்கத்து வீட்டுப் பெண் ஓடிவந்தாள்.

"அண்ணை, அவருக்கு நெஞ்சுக்குள்ளை நோகுதாம். வேர்த்துக் கொட்டுது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேணும்."

அவள் கணவன் என்னோடு படித்தவன். அவனைப் பின் சீற்றில் இருத்தினோம். கார் கிளம்பவில்லை. மீற்றரை எடுத்துக் கொயிலில் வைத்தேன். முள் அசையவில்லை. கொயில் போய்விட்டது என்று முடிவுகட்டினேன்.

"சைக்கிளிலை வைச்சு உருட்டிக்கொண்டு போவமே, அண்ணை?" என்று அவள் கேட்டாள்.

"வேண்டாம் தங்கச்சி, குலுக்கக்கூடாது. சந்தியிலை கொயில் இருக்கு, உடனை வாறன்."

"அவசரப்படாதை மச்சான், ஆறுதலாப் பார்," என்றான் அவன்.

கொயிலோடு திரும்பிவர முக்கால் மணித்தியாலம் ஆனது. பூட்டுமுன் அதையும் சோதித்தேன். முள் அசையவில்லை. அப்போதுதான் இரண்டு நுனிகளையும் ஒன்றோடொன்று தொட்டேன். அப்போதும் அசையவில்லை. பழுது மீற்றரில். கொயிலில் ஒன்றுமில்லை. கொயிலுக்கு மின்சாரத்தை விட்டுவிட்டுக் கொடுக்கும் பொயின்ற் கறுத்திருந்தது. மட்டத்தாளால் தேய்த்தேன். கார் உடனே கிளம்பியது.

பாதி வழியில் அவள் அவன் பெயரைச் சொல்லிக் கத்தினாள். ஆஸ்பத்திரியில் டொக்டர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அதே காரில்தான் அவனைத் திருப்பிக் கொண்டுவந்தேன்.

செத்த வீடு முடிந்த பிறகு மீற்றரைத் திறந்தேன். பற்றரியில் குறையில்லை. நுனிகளை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டிவிட்டு, வயரை விரல் விரலாக மடித்துப் பார்த்தேன். சிவப்பு வயரின் கைபிடியடியில் மடித்தபோது முள் துள்ளி விழுந்தது. அந்த இடத்தை வெட்டிப் பிளந்தேன். வெளியுறை புதிதுபோல இருக்க, உள்ளே செம்புக் கம்பி பச்சை பிடித்து அறுந்திருந்தது. சிரட்டைக் கரியில் இரும்பைச் சூடாக்கி ஈயம் பற்றவைத்தேன். கால் மணித்தியால வேலை. முள் ஒழுங்காக அசைந்தது. மீற்றரை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்தபின் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"இதை எனக்குச் சொல்லாமல் விட்டிருக்கலாம், அண்ணை. விதி எண்டு நினைச்சு ஒரு மாதிரி ஆறியிருந்தனான்."

சொன்னதால் எனக்குப் பாரம் குறைந்தது, அவளுக்கு ஏறியது. அதன்பின்னும் அவள் என்னோடு கதைத்தாள். ஆனால் என் காரில் ஏறவில்லை.

தொண்ணூற்றைந்தில் சண்டை நெருங்கி ஊரே மழைக்குள் இடம்பெயர்ந்து வெளிக்கிட்டபோது, அவள் ஒரு பையோடு நடந்துபோவதைக் கண்டு காரை நிறுத்தினேன்.

"ஏறு, தங்கச்சி."

"இல்லை அண்ணை, நான் நடந்து வாறன்."

சனத்துக்குள் காரும் நடையாகத்தான் ஊர்ந்தது. வெகுதூரம் அவள் என் கார்க் கண்ணாடிக்குப் பக்கத்திலேயே நனைந்துகொண்டு நடந்துவந்தாள்.